வரிசையில் கடைசி ஆள்

வெயில் என்றால் அப்படியொரு வெயில். இங்கிலாந்து இருபது வருடமாகப் பதுக்கி வைத்திருந்ததை எல்லாம் அன்றைக்கு சாண்ட்வெல் கடற்கரையில் கொட்டிவிட்டது. கடல் பக்கத்து நாடு வரைக்கும் உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணலிலேயே காரை ஓட்டித் தண்ணீர் ஓரமாக நிறுத்தவைத்தவள் என் மனைவியின் அக்கா மேவிஸ். கார் அவளுடைய இறந்துபோன கணவர் நார்மனுடையது. காருக்குள் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்தபடி பார்த்தால்தான் அவளுக்கு அது கடல்.

முழங்கால் வலியோடு வீட்டில் இருந்த என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்று: "அக்காவ உசுரோட கூட்டிட்டு வா."

நான் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் கடல் பந்தயக் குதிரைபோல் திரும்பி வந்துவிட்டது. சக்கரங்கள் சேற்றில் புதைந்திருந்தன.

"மேவிஸ், இறங்கு!"

"நார்மன் வண்டிய விட்டுட்டு வரமாட்டேன். போய் டிராக்டர்காரனக் கூப்பிடு."

கதவைப் பூட்டிக்கொண்டாள். கண்ணாடி இடுக்கில் கையை விட்டேன். பிளாஸ்க் மூடியால் அடித்தாள்.

சேற்றில் சிக்கிய வண்டிகளை இழுக்க இருந்தது ஒரே டிராக்டர். எங்களைப் போன்ற புத்திசாலிகள் பலர் மேட்டில் வரிசையாக நின்றார்கள். நானும் கடைசியில் நின்றேன். வேறென்ன செய்வது? தண்ணீர் கதவின் பாதிக்கு ஏறியது. மேவிஸ் கைப்பையை மட்டும் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். மனைவியின் முகம் கண்முன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

வரிசை முழுவதும் தொண்டையைச் செருமியது. எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வசவு கிடையாது.

கடலிலிருந்து ஓர் அலறல்: "க்ளைவ்! வரிசையில நில்லுய்யா! மானத்த வாங்குறியே!"

எழுபத்தெட்டு வயது மேவிஸ் ஜன்னல் வழியாகத் திமிங்கலம்போல் குதித்தாள். நெஞ்சளவு நீரில் நடந்து வந்தாள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. தங்கச்சி புருஷன். வளர்ப்பு சரியில்ல."

அவள் முதுகுக்குப் பின்னால் நார்மனின் கார் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றாள்.

எங்கள் முறை வந்தபோது தண்ணீருக்கு மேலே தெரிந்தது காரின் ஏரியல் கம்பி மட்டும்தான்.

"உங்க வண்டி எதும்மா?" என்றான் டிராக்டர்காரன்.

மேவிஸ் தொப்பியைப் பிழிந்தாள். உதடு துடித்தது.

"கொஞ்சம் உள்ள இருக்குப்பா. அவசரமில்ல."