வீட்டிலேயே கனமான பித்தளை

காயாரோகணம் வாயால் ஊதினால் ஊரே நிற்கும். வாயால் பேசினால் வம்புதான் வரும். மனுஷனுக்கு அப்படியொரு ராசி.

திருவையாற்றுப் பக்கம் அவருடைய பேண்டு செட்டுக்கு மவுசே அந்தக் குழலால்தான். பாஸ் கிளாரினெட். சாதாரணக் கிளாரினெட் கறுப்பு மரத்தில் ஒல்லியாக இருக்கும். இது வாய் வைக்கும் கட்டை தவிர முழுக்கப் பித்தளை, இரட்டையாக மடிந்து, வாய் மேலே பார்த்து விரிந்திருக்கும். மழையிலும் வெயிலிலும் மரம் வெடித்துவிடும் என்று பட்டாளத்து பேண்டுக்காகவே வெள்ளைக்காரன் செய்தது. தாத்தா காலத்திலிருந்து அவர் வீட்டில் இருக்கிறது. சவ ஊர்வலத்தில் அது அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தால் பங்காளிச் சண்டைக்காரனும் அழுதுவிடுவான்.

போன தையில் மகள் ஜீவிதாவுக்குப் பிரசவம். "முடிஞ்சதப் பண்றோம், சாமிய வேண்டிக்கங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் மனுஷன் ஆடிப்போனார். தெரு மாரியம்மனுக்கு ஆளுயர விளக்கு வார்க்க, வீட்டுக்கு வீடு பழைய பித்தளை சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"தாயே, எம் பொண்ணையும் புள்ளையையும் குடுத்துடு! என் வூட்டுலயே கனமான பித்தளை உன் விளக்குக்குத்தான்!"

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. அவர் நினைத்தது மூலையில் கிடக்கும் அண்டாவை.

தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் அண்டாவைக் காணோம்.

"அது ஜீவிதா கல்யாணத்துலயே சீரோட போச்சே!" என்றாள் மனைவி சௌந்தரநாயகி. அவள் கண் தானாகக் குழல் பெட்டி பக்கம் போனது.

அவர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "புதுசா ஒரு அண்டா வாங்கிக் குடுத்துடலாம்டி."

"வூட்டுல இருக்குறதுன்னுதானே சொன்னீங்க? சாமிகிட்டயே பேச்சு மாறுவீங்களா? புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" கேட்டுவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஒன்றரை மாசத் தடுப்பூசி போட்ட அன்று குழந்தைக்கு உடம்பு கொதித்தது. ஊசி போட்டால் சுடத்தான் செய்யும் என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவருக்கும் தெரியும். ஆனாலும் விடிந்ததும் குழலைத் துடைத்து எடுத்துக்கொண்டு விளக்கு வார்க்கும் நாச்சியார்கோவிலுக்கு பஸ் ஏறினார்.

"இதையா மாஸ்டர்? மனசு வருதா?" என்றார் பட்டறைக்காரர்.

"வேண்டிக்கிட்டேங்க."

வாய் வைத்து ஊதும் கறுப்புக் கட்டையைக் கழற்றி, "இது மரம், எங்களுக்கு ஆகாது" என்று அவர் கையிலேயே கொடுத்தார்கள். மிச்சத்தை உலையில் போடுவதற்கு முன் சம்மட்டியால் நசுக்கினார்கள். முதல் அடிக்கு அது அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. காயாரோகணம் காதைப் பொத்திக்கொண்டார். பாழாய்ப்போன வாய், பாழாய்ப்போன வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று அவருடைய செட்டுதான் வாசித்தது. அவர் மட்டும் ஓரமாக நின்றார். தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பூசாரி புது விளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றினார்.

"மாஸ்டர், உங்க குழல் என்னமா ஜொலிக்குது பாத்தீங்களா!" என்றார் கோயில் தலைவர் அமிர்தலிங்கம்.

கொடுத்திருக்க வேண்டாம் என்று நினைக்கப் பார்த்தார். தோளில் அந்தச் சின்ன மூச்சு சூடாகப் பட்டது. அப்படி நினைக்கவும் முடியவில்லை.

"ஆமாங்க. ஜோரா இருக்கு" என்றார், சட்டைப்பையில் கிடந்த கட்டையை அழுத்திப் பிடித்தபடி.