மே மாதம் வரைக்கும் போட்ட தையல்

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் கெசியா மகளை மறைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் டாக்டர் வந்து பிள்ளைகளின் உடம்பைப் பார்க்கப்போகிறார், தாய்மார் கூட இருக்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பருத்தி ஆலை மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வந்தது நல்லதாகப் போயிற்று.

ஏழு வயது ஃப்ளாரி மேல்சட்டை இல்லாமல் நின்றாள். உடம்பில் கம்பளி உள்ளாடை, அதற்கடியில் பழுப்புக் காகிதம், காகிதத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே வாத்துக் கொழுப்பு. நவம்பர் பிறந்ததும் கெசியா தன் கையால் பூசி, சுற்றி, கழுத்திலிருந்து வயிறுவரை இழுத்துத் தைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமலிருக்க இந்தக் கட்டு, மே மாதம்தான் பிரிப்பார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாற்றம் அடித்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை.

"அம்மா, அவரு மூஞ்சிய சுளிக்கிறாரு."

"சுளிக்கட்டும்டி."

"இத வெட்டினாத்தாம்மா நெஞ்சுல குழாய வைக்க முடியும்," என்றார் டாக்டர். "இப்படி மூட்டை கட்டி வச்சா புள்ள எப்படி மூச்சு விடும்?"

"மூத்தவன் ஆல்பியும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்தான் சார். போன ஜனவரியில ஆஸ்பத்திரியில இதே மாதிரி வெட்டி எடுத்தாங்க. ஒரு வாரங்கூடத் தாங்கல."

"அவனுக்கு ஏற்கெனவே சளி முத்தியிருக்கும்."

"இருந்திருக்கும். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஒரு வருஷமாகத் தறியின் முன்னால் நின்று அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. விடை கிடைக்கவில்லை. கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது, அதுதான் அவளை இப்போதும் நிற்க வைத்தது.

"நகரும்மா, வெளியில எத்தன பேரு காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள் நர்ஸ்.

"காத்திருக்கட்டும். இது நான் போட்ட தையல், நான்தான் பிரிப்பேன். அவரு கேட்டு முடிச்சதும் இங்கயே திரும்பத் தைப்பேன். அதுக்கப்புறந்தான் இவ இந்த வாசலத் தாண்டுவா. சம்மதமா?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "சரி, பிரி," என்றார்.

கெசியா மண்டியிட்டு, தன் கழுத்துப்பட்டையில் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்து ஒவ்வொரு தையலாக நெம்பினாள். குழாய் வைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திறந்தாள். டாக்டர் குனிந்து கேட்டார். வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கத்தில் குழாய் அப்படியே நின்றுவிட்டது. மூச்சை இழுக்கச் சொன்னார், மறுபடியும் இழுக்கச் சொன்னார்.

"லேசா ஒரு சத்தம் இருக்கு. பயப்படற மாதிரி இல்ல. ஆனா அடுத்த மாசமும் கேக்கணும்."

அந்த மனிதரை அவளுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் காது பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"கூட்டிட்டு வரேன்," என்றாள். "ஊசியோட வரேன்."

அங்கேயே உட்கார்ந்து, அவசரப்படாமல், முன்னைவிட நெருக்கமாகத் தைத்தாள். கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தபோதுதான் கதவு திறந்தே கிடந்ததைக் கவனித்தாள். வரிசையில் நின்ற தாய்மார் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

அடுத்தவள் மகனை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நர்ஸ் கத்தரிக்கோலைத் தொடுவதற்குள் சால்வையிலிருந்து ஊசியை உருவி, நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கினாள்.