அடுத்து வருபவர்களுக்கான விறகு

முந்தின நாள் மலையேறிய நேரமெல்லாம் மழை. தாத்ரா மலைமேல் ஆளில்லாத அந்த மரக்குடிலுக்கு நண்பர்கள் மூவரும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது, அடுப்போரம் முன்பு தங்கியவர்கள் அடுக்கிவைத்திருந்த காய்ந்த விறகுதான் அவர்களைக் காப்பாற்றியது. எரித்த அளவுக்கு அறுத்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

காலையிலும் மழை விடவில்லை. ராதோவன் மதியப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் அவன் கனடாவுக்கே குடிபோகிறான். மாலைப் பேருந்தில் போனால் இரவெல்லாம் உட்கார்ந்து பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

குடிலின் முன்சாய்ப்பில் மாத்தூஷும் ஷிமோனாவும் ரம்பத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். நாலு இழுப்பு இழுப்பதும், நிறுத்திவிட்டுப் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் கடிப்பதுமாக இருந்தார்கள்.

“கட்டைய அறுக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?” என்றான் ராதோவன்.

“ரம்பம் மழுங்கிப்போச்சுடா,” என்றான் மாத்தூஷ்.

“நேத்து நீதானே தீட்டின?”

“அவன் தீட்டினதாலதான் மழுங்கிப்போச்சு,” என்று ஷிமோனா சிரித்தாள். “நீ வேணா கிளம்புடா. கனடாக்காரனுக்கு எங்க விறகு எதுக்கு?”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறார்கள் என்பது ராதோவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நகரு,” என்று ரம்பத்தின் முனையை அவளிடமிருந்து வாங்கினான்.

“டக்குனு முடிச்சிடுவியோ?” என்றாள் ஷிமோனா. குரலில் கேலி இல்லை.

ராதோவன் பாதி அறுத்த கட்டையைத் தள்ளிவிட்டு, இருந்ததிலேயே பருமனான ஒன்றைத் தேடித் தூக்கிவந்து வைத்தான்.