சுத்தமாக அழிகிற மார்க்கர்

1

ஒரு பொய்யைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். லினெட்டின் விவாகரத்துக்கு நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வக்கீல் அலுவலகத்திலிருந்து பத்துக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஆறுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதினேன். ஏழாவதில் பேனா நின்றது. நின்றதும் வேறு தாளை எடுத்து இதை ஆரம்பித்துவிட்டேன்.

லினெட் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. நான் பெவ், அதே பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம். சாக்பீஸ் போய் வெள்ளைப் பலகை வந்த நாளிலிருந்து மார்க்கர் வாங்குவது நான்தான். ஆஸ்திரேலியாவின் இந்த மழைக்கார இன்னிஸ்ஃபெய்ல் ஊரில் என்னைவிட மார்க்கர் தெரிந்தவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிய ஒரு மாலையில், லினெட் தன் கணவனின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து—"

(வேண்டாம். இந்த ஊரில் மழை கொட்டாத மாலை எது? அவன் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்த்தே இரண்டு வருடம் ஆகிறது.)

இரண்டாவது தொடக்கம்: "நல்ல மார்க்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

இது பரவாயில்லை. இதற்கு எனக்குப் பதில் தெரியும். வகுப்புக்குப் பட்டை முனை வாங்குங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும். வீட்டுக்கு மெல்லிய முனை போதும். கறுப்பும் நீலமும் ஒழுங்காக அழியும். சிவப்பும் பச்சையும் கறை விடும். வாடை தலையைப் பிடித்தால் தொடாதீர்கள். மூடியை அழுத்தினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். படுக்கவைத்தே வையுங்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றால் எழுதி, இரண்டு நாள் விட்டு, வெறும் துணியால் துடைத்துப் பாருங்கள். (ஆசிரியர்களுக்கு மட்டும்: எழுதாத மார்க்கரை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைக்காதீர்கள். குப்பைத்தொட்டி இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. லினெட் இதில் ரொம்ப மோசம். அவள் தட்டில் செத்த மார்க்கர் ஏழெட்டாவது கிடக்கும்.)

போன வருடம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"பெவ், வீட்டு போர்டுக்கு ரெண்டு மார்க்கர் எடுத்துக் குடுடி. சுத்தமா அழியணும்."

"ரெண்டு எதுக்கு?"

"எனக்கொண்ணு, அந்தாளுக்கொண்ணு. இனிமே பேச்சு கெடையாது. சொல்ல வேண்டியத ஃப்ரிட்ஜ் கதவுல மாட்டின போர்டுல எழுதிக்கிறதுன்னு முடிவு."

"இத்தன நாள் மட்டும் பேசிக் கிழிச்சீங்களாக்கும்."

"அதான், எழுதவாவது செய்யட்டுமேன்னு."

அவளுக்குக் கறுப்பு, அவனுக்கு நீலம் கொடுத்தேன். அந்தப் பலகைக்கு அவர்கள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: படித்தவர் அழிக்க வேண்டும். அழிந்திருந்தால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நாட்டுச் சட்டப்படி, பிரிந்து பன்னிரண்டு மாதம் ஆனால்தான் விவாகரத்து. ஒரே கூரைக்குள் பிரிந்திருந்தாலும் கணக்கில் சேருமாம், ஆனால் அவர்கள் அந்நியர்கள் போலத்தான் இருந்தார்கள் என்று வெளியாள் ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும். அந்த வெளியாள் நான்.

3

லினெட்டின் கணவன் டாரிலை எழுத எனக்கு வரவில்லை.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று அவனை உட்காரவைத்துப் பார்த்தேன். சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. குடித்துவிட்டு விழுவதில்லை, கை ஓங்குவதில்லை, வேறு பெண் இல்லை. பேசமாட்டான். எழுதுகிறவளுக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஒன்றே ஒன்று இருக்கிறது. லினெட்டுக்கு மார்பில் கட்டி வந்து கெய்ன்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. அவன்தான் காரோட்டிக் கூட்டிப்போனான். ஆறு மணி நேரம் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. அவள் கண் விழித்தபோது பக்கத்து நாற்காலி காலி.

"ஆறு மணி நேரம் பெவ். கதவு தொறந்தா நான் இருக்கேன். அதுக்கு அவன் வீட்லயே கெடந்திருக்கலாம்," என்றாள்.

எழுதுகிறவர் தன் பாத்திரத்தை வெறுக்கக் கூடாது என்று நூலகத்தில் வியாழக்கிழமை கூடும் எங்கள் எழுத்துக் கூட்டத்தில் சொல்வார்கள். நான் வெறுக்கிறேன். அந்தக் காலி நாற்காலிக்காக வெறுக்கிறேன்.

4

சத்தியம் செய்வதற்கு முன் வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை போனேன். முன்னறை அவனுக்கு, பின்னறை அவளுக்கு. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு இரண்டு தட்டு. எல்லாம் வக்கீலுக்குப் பிடித்த மாதிரி இருந்தது.

பலகையும் சுத்தம், ஒரு வரியைத் தவிர. நீல எழுத்து: "மழை. உன் துணிய எடுத்து வச்சுட்டேன்."

"இது எப்ப எழுதினது?"

"போன வாரம் இருக்கும்."

என்னிடமா? நான் கொடுத்த மார்க்கர், ஒரு வாரத்து மை என்றால் விரல் பட்டாலே போய்விடும். இது ஓரம் மங்கி, பலகையோடு ஒட்டிப்போயிருந்தது.

"லினெட், இது மார்ச் மாசத்து எழுத்துடி. மத்ததெல்லாம் அன்னன்னிக்கு அழிச்சிருக்க. இத மட்டும் ஏன் விட்ட?"

"கண்ல படல."

ஃப்ரிட்ஜ் கதவில், கண்ணுக்கு நேராக, இரண்டு மாதம்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏழாவது கேள்வி பாத்தியா? ஒருத்தர் துணிய இன்னொருத்தர் தொவைக்கிறது, எடுத்து வைக்கிறது உண்டான்னு கேக்குறான். இல்லன்னு எழுது."

"இது இருக்கே."

"அதான் காலைலேர்ந்து தேய்க்கிறேன், போக மாட்டேங்குது. சுத்தமா அழியும்னு நீதான குடுத்த?"

"உடனே அழிச்சா அழியும். ரெண்டு மாசம் வச்சிருந்தா நான் என்ன பண்ண? அது மேலயே புதுசா எழுது. ஈரம் காயறதுக்குள்ள தொட. பழசும் சேந்து வந்துரும்."

"சும்மா கிறுக்கினா போதாதா?"

"போதாது. அதே எழுத்து மேல அதே எழுத்து."

(போதும். கிறுக்கினாலே போதும், எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அதை எழுதுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எழுதுகிறவர்களின் கேடுகெட்ட புத்தி.)

லினெட் கறுப்பு மார்க்கரைத் திறந்தாள். 'மழை' எழுதினாள். 'உன் துணிய' எழுதும்போது வேகம் குறைந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற அதே உருண்டை எழுத்து. முடித்துவிட்டு, துடைக்கும் துணியை எடுத்து, அப்படியே நின்றாள். நல்ல மார்க்கரின் மை சில நொடிகளில் காய்ந்துவிடும். வெளியே டாரிலின் வண்டி வந்து நின்றது.

5

இங்கே மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. லினெட் துடைக்கிறாள். வழக்கு ஜெயிக்கிறது. கதை தோற்கிறது.

ஆ. அவள் துடைக்கவில்லை. டாரில் உள்ளே வருகிறான். தன் வாக்கியம் அவள் கையெழுத்தில் கறுப்பாக நிற்பதைப் பார்க்கிறான். இருவரும்— (வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதற்குக் கைதட்டுவார்கள்.)

இ. நடந்தது. அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி நான் துடைத்தேன். அவள் மறுபடி அந்தக் காலி நாற்காலியிடம் போய்விடுவாளோ என்று பயந்தேன். நீலமும் கறுப்பும் சேர்ந்து ஒரே இழுப்பில் வந்தன. நல்ல மார்க்கர்.

டாரில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். வெற்றுப் பலகையைப் பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான், அவளிடம் அல்ல:

"ரெண்டு மாசமாச்சு. ஒருவழியா படிச்சுட்டா போல."

ஃப்ரிட்ஜில் தன் தட்டிலிருந்து பாலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

லினெட் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அத வச்சிருந்தேன்டி," என்றாள். "அவன் என்னடான்னா, நான் படிக்கக்கூட இல்லன்னு நெனச்சிருக்கான்."

"போய்ச் சொல்லேன்."

"எதக் காட்டிச் சொல்றது? நீதான் அழிச்சுட்டியே."

வாசல் வரை வந்தாள். "இல்லன்னே எழுதிடு," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

நாளை காலை பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது கேள்விக்கு எதிரே இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. 'உண்டு' என்று எழுதினால் அவள் கேட்ட விடுதலையை நான் கெடுத்தவளாவேன். 'இல்லை' என்று எழுதினால் மறுக்க அத்தாட்சி எதுவும் கிடையாது. இருந்த ஒன்றை நான் துடைத்துவிட்டேன். அந்தப் பத்திரத்தை நிரப்பப் பேனாதான். அழிக்கிற வசதி கிடையாது.

அதனால் அந்த வரியை இங்கே எழுதி வைக்கிறேன்: "மழை. உன் துணிய எடுத்து வச்சுட்டேன்."

அந்த வீட்டு விதிப்படி, படித்தவர்தான் அழிக்க வேண்டும். இப்போது நீங்கள் படித்துவிட்டீர்கள். என்னைப் போல அவசரப்படாதீர்கள்.