விசில் இல்லாத ஆறு வாரம்

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் பிரெட்ரிக் உடற்கல்வி ஆசிரியர். ஒரு காலத்தில் மாநிலக் குழுவில், பிரம்புப் பந்தைக் காலால் வலைக்கு மேல் தட்டி ஆடும் தக்ராவ் ஆடியவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, "தூக்கு! தட்டு!" என்று கத்தித்தான் சொல்லிக்கொடுப்பார். அவர் கற்றதும் அப்படித்தான்.

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு ஒரு சோதனை வைத்தார். உள்பாதத்தால் பந்தைக் கீழே விழவிடாமல் மூன்று முறை தட்ட வேண்டும். இருபத்து நான்கு பேரில் ஏழு பேர்தான் தேறினார்கள். ரூபினி என்ற மாணவியின் காலில் பந்து படவே இல்லை.

"விசில் கேட்டதும் காலு தானா தூக்கிக்குது சார். பந்து அப்புறமாத்தான் வருது."

பிரெட்ரிக்குக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மைதான். வீடு போகும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் விசிலை டிராயரில் வைத்துவிட்டுத் திடலுக்கு வந்தார். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் தட்ட வேண்டும். மற்றவர் பார்த்து, கண்டதைச் சொல்ல வேண்டும். திடல் சந்தைக்கடையானது. தலைமையாசிரியை தனலெட்சுமி வந்து நின்றார்.

"என்ன சார், பிள்ளைங்க சும்மா விளையாடிக்கிட்டு இருக்காங்க? தக்ராவ் போட்டி வருது லா."

"ஆறு வாரம் கொடுங்க டீச்சர். தேறலைன்னா நானே பழையபடி மாத்திடறேன்."

வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. தப்பைக் கண்டால் தொண்டை வரை சத்தம் வரும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்கிக்கொள்வார். மூன்றாம் வாரம், ரூபினி தன் ஜோடி ஹேமநாதனிடம் சொல்வது காதில் விழுந்தது.

"நீ அவசரப்படற. பந்து முட்டிக்குக் கீழ இறங்கட்டும், அப்புறம் தட்டு."

அவன் காத்திருந்து தட்டினான். பந்து நேராக மேலே எழும்பியது. இத்தனை வருடத்தில் இதைத் தாம் ஒருமுறைகூட யாருக்கும் சொன்னதில்லை என்பது பிரெட்ரிக்குக்கு உறைத்தது.

ஆறாம் வாரச் சோதனையில் பதினெட்டுப் பேர் தேறினார்கள். ரூபினி ஐந்து முறை தட்டினாள். தனலெட்சுமி புள்ளித்தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா வந்திருக்கு சார். மீதி ஆறு பேரு?"

"அவங்களுக்கு இது ஒத்துவரல டீச்சர். பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா சொன்னாத்தான் தைரியம் வருது. அப்படியே சொல்லிக்கொடுக்கறேன். விடமாட்டேன்."

அன்று பள்ளி முடிந்ததும் ஆறு பேரையும் நிறுத்திக்கொண்டு, முதல் பந்தைத் தாமே மெதுவாக வீசினார்.