ஒன்பதாவது பெயர்

தலை குனிந்து வணக்கம் சொல்வதில் முட்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய பையனை ஒருமுறை எதிரில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பள்ளி அரங்கத்தின் மேடையில், கொரியாவிலிருந்து வந்த மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியையும் ஒரு பக்கம் வரிசையாக நின்றார்கள். எதிரே இந்தப் பள்ளியின் பதினோராம் வகுப்பிலிருந்து தேர்வான இருபத்து நாலு பேர். கலாச்சாரப் பரிமாற்றம், இளையோர் தலைமைப் பயிற்சி என்று இரண்டு பெயர்களும் ஒரே பேனரில் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. எண்ணிக்கை சொல்லும் பொறுப்பு ரேடியோவுடையது. ஒன்று என்றால் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும், மூன்று வரை அப்படியே இருக்க வேண்டும், நான்கில் நிமிர வேண்டும். இதை மூன்று வாரம் எல்லோருக்கும் பழக்கியவன் அவன்தான். எவ்வளவு தள்ளி நின்று குனிய வேண்டும் என்பதை மட்டும் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

"ஒன்று" என்று மைக்கில் முழங்கிவிட்டுக் குனிந்தான். ஆசிரியையின் நெற்றியில் டொக்கென்று ஒரு சத்தம். மைக் அதையும் விடாமல் அரங்கத்துக்குச் சொன்னது. அவருடைய கண்ணாடி எங்கோ தெறித்தது. அதைத் தேடுகிறேன் பேர்வழி என்று ஒரு அடி பின்னால் வைத்தான். காலுக்கடியில் நறநறவென்றது.

அங்கேயே மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருந்தால் அவனுக்கு எதற்கு ரேடியோ என்று பெயர்? மைக்தான் இன்னும் கையில் இருந்ததே. "கவலைப்படாதீங்க மேடம், இனிமே எங்க ஊரு உங்க கண்ணுக்கு அழகாத்தான் தெரியும்" என்றான். அரங்கம் குலுங்கியது. மொழி புரியாத விருந்தாளிப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று அவனே அவனை மெச்சிக்கொண்டான்.

அவன் மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பிலேயே நெடியவனான ஒட்டடை என்கிற ஒட்டடைக்குச்சி முட்டிபோட்டுச் சில்லுகளைப் பொறுக்கினான். பிறகு ஆசிரியையின் முழங்கையைப் பிடித்து மேடையிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினான். அந்தப் பவருக்குக் கண்ணாடி செய்ய நான்கு நாளாகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நான்கு நாளும் அந்த முழங்கை ஒட்டடையின் வசம் இருந்தது.

நான்காம் நாள் தேர்தல். இங்கிருந்து எட்டுப் பேர் கொரியாவுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாம். மதிப்பெண்ணும் கிடையாது, நேர்முகமும் கிடையாது. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஒரு பெயர். கரும்பலகையில் ஆசிரியை எழுதச்சொன்ன கேள்வி ஒன்றுதான்: 'தெரியாத ஊரில் வழி தவறிவிட்டால், இவர்களில் யார் பின்னால் போவாய்?' பெயரைக் கொரிய எழுத்தில் எழுத வேண்டும். அதிகம் வாங்கிய எட்டுப் பேருக்குப் பயணம்.

ரேடியோவுக்கு இது ஏற்கெனவே கையில் வாங்கிய பயணச்சீட்டு மாதிரி. பாதி வகுப்புக்கு அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மதிய இடைவேளைகளில் வட்டம், கோடு, கட்டம் என்று மண்டையில் ஏற்றியிருந்தான். அவன் அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறையில், செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகன் கொரியா போவதைச் சொல்லி முடித்திருந்தார். அம்மா ஒரு படி மேலே போய், தன் நாத்தனார் வீட்டிலிருந்து சக்கரம் வைத்த பெட்டியை இரவல் வாங்கி, துடைத்து, வெயிலில் காயவும் வைத்துவிட்டாள்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தான். பெருந்தன்மையாக வேறு யார் பெயரையாவது எழுதலாம். ஆனால் எல்லோரும் தன் பெயரை எழுதும்போது, தான் மட்டும் எழுதாமல் தனித்து நிற்பது நன்றாயிருக்காது என்று தோன்றியது. தன் பெயரையே எழுதி, நான்காக மடித்துப் போட்டான்.

ஆசிரியையின் கண்ணாடி கடையில் இருந்ததால், சீட்டுகளைப் பிரித்து வாசிக்க முன்வரிசையில் இருந்த ரேடியோவின் அத்தை பெண்ணைக் கூப்பிட்டார்கள். வகுப்பில் அவளுக்குத்தான் வாசிப்பு சுத்தம். போட்டியில் இருக்கிறவளே ஓட்டு எண்ணலாமா என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் அரசியல் தெரியவில்லை. அவள் வாசித்தாள், ஒருங்கிணைப்பாளராக இருந்த வணிகவியல் சார் கரும்பலகையில் கோடு போட்டார். ஒட்டடைக்கு ஆறு. அவளுக்கே நான்கு. மூன்று ஒருத்தனுக்கு, அப்புறம் இரண்டு இரண்டாக ஐந்து பேருக்கு. கடைசிக்கு முந்தைய சீட்டைப் பிரித்தவள் ஒரு கணம் தாமதித்தாள். பிறகு ரேடியோவின் பெயரை வாசித்தாள். ஒன்பதாவது பெயர். ஒரே ஒரு கோடு.

முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்வார்களே, அது சும்மா. ஈக்கள் தாராளமாக ஆடியிருக்கும், விரட்ட அவனுக்குத்தான் கை எழவில்லை. அவன் சொல்லிக்கொடுத்த எழுத்திலேயே அத்தனை பேரும் அடுத்தவர் பெயரை எழுதியிருந்தார்கள், அதுவும் ஒரு பிழை இல்லாமல்.

மணி அடித்ததும் முதல் ஆள் வந்து தோளில் கை போட்டான். அவன் பக்கத்து பெஞ்சுக்காரன்.

"மச்சான், நான் உனக்குத்தான்டா போட்டேன். அந்த ஒண்ணு என்னோடது."

ரேடியோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். நன்றி என்று சொல்லியும்விட்டான். வராந்தாவின் திருப்பத்தில் இரண்டாவது ஆள் அதே தோளில் அதே இடத்தில் கை போட்டு, அந்த ஒன்று தன்னுடையது என்றான். சைக்கிள் நிறுத்துமிடத்தில் மூன்றாவது. சாயங்காலத்துக்குள் ஏழு பேர் ஆகிவிட்டது. ஒரு சீட்டுக்கு ஏழு சொந்தக்காரர்கள். யாரையும் பொய்யா என்று கேட்க முடியாது. கேட்டால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். தன் ஓட்டைத் தானே போட்டுக்கொண்டவனுக்கு அதற்குப் பதில் கிடையாது.

மறுநாள் அவனே ஒவ்வொருவராகப் போய்க் கேட்க ஆரம்பித்தான். புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் உண்டு. நால்வர் கண் இமைக்காமல், உனக்குத்தான் என்றார்கள். அதில் ஒருத்தி சத்தியமே செய்தாள். ஒட்டடையிடம் கேட்டான். அவன் ஷூ கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டே, "அதை விடுடா" என்றான். எதை விடுவது என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. வணிகவியல் சார் மயிரிழையில் போய்விட்டது என்றும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அடுத்த வருடம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு, இந்தத் திட்டமோ பதினொன்றுக்கு மட்டும். அது சாருக்கும் தெரியும். அது தெரியும் என்பது இவனுக்கும் தெரியும். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். புதுக் கண்ணாடியில் அவனைத் தெளிவாகப் பார்த்த ஆசிரியை, அவனுடைய உற்சாகம் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று இரண்டு கையாலும் ஒரு பேனாவை நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், இந்தத் தடவை தள்ளி நின்று.

வீட்டில் அம்மா தட்டை வைத்தாள். வாசலை ஒட்டிய பட்டறையிலிருந்து அப்பா, கம்பி சுற்றுகிற கையை நிறுத்தாமல் கேட்டார்.

"ஒரு ஓட்டாவது வந்துச்சில்ல. யாருடா அந்தப் புண்ணியவான்?"

"தெரியலப்பா. பதினோரு பேர் சொல்றாங்க."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கம்பி அறுந்தது. அதை முடிச்சுப் போடுவதற்குள் சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போய்விட்டது. பட்டறைக்கு வருகிறவர்களிடம் இனி எதைச் சொல்வது என்று அவர் யோசிப்பதாக ரேடியோவுக்குப் பட்டது. ஒரு ஜோக் சொல்லி அதைச் சரிக்கட்டலாம் என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பயணம் போகப்போவது பெட்டிக்காரி வீட்டுப் பெண்ணாயிற்றே. நான்கு தெரு அதை இழுத்துக்கொண்டு நடந்தான். காலிப் பெட்டி தடதடவென்று ஊரைக் கூட்டியது. வழியில் ஒருவர், என்ன தம்பி இன்றைக்கேவா ஃப்ளைட் என்று விசாரித்தார். ஆமாம் மாமா, தாமதமாகிவிட்டது, நடந்தே போகிறேன் என்றான். அவர் சிரித்தார். அவனுக்கு அந்தச் சிரிப்பு முதல்முறையாகக் கசந்தது.

அத்தை அவனைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கு மனசே ஆறவில்லை என்றும், தன் மகள் போவதில்கூட சந்தோஷம் இல்லை என்றும் சொன்னாள். பிறகு சந்தோஷமாகவே மாடியைக் காட்டினாள்.

அத்தை பெண் கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பி வைத்திருந்தாள். தேர்தலுக்குப் பிறகு அவள் அவன் கண்ணில் படாமலே இருந்தாள். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். பிறந்ததிலிருந்து ஒரே தொட்டிலில் மாறி மாறிக் கிடந்தவர்கள். அவளிடம் மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை.

"சொல்லிடு. நீயும் எனக்குத்தான் போட்டியாமே. உன்னோட சேத்தா பன்னெண்டு."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"நான் உனக்குப் போடல."

ரேடியோ சிரித்தான். சிரிப்பு பாதி வழியில் நின்றது.

"யாருமே போடலடா. பதினோரு பேரும் பொய். அந்தச் சீட்டு உன் கையெழுத்து. பிரிச்சதுமே தெரிஞ்சிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

எதிர்க்கட்சியின் சதி என்று ஒன்றைச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். கீழே அத்தை பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரேடியோவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டான்.

"ஏன்? என்கிட்ட என்ன கொறை?"

"கொறைன்னு இல்ல." அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "வழி தவறிட்டா யார் பின்னாடி போவேன்னுதானே கேட்டாங்க. உன் பேரை எழுதலாம்னுதான் பேனாவைத் தொறந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். தெரியாத ஊர்ல நான் அழுதுகிட்டு நின்னா, நீ வந்து ஒரு ஜோக் சொல்லுவ. நல்லாத்தான் இருக்கும். நானும் சிரிப்பேன். ஆனா சிரிச்சு முடிச்சப்புறமும் அதே எடத்துலதான்டா நின்னுகிட்டு இருப்பேன்."