பதினேழாம் கரியறைக் கதவு

ஃபோர்த் ஆற்றுக் கழிமுகத்து விடியற்காலைக் குளிரில் நாங்கள் இருநூறு பேர் ஏணியேறி, லயன்ஹார்ட் போர்க்கப்பலின் வயிற்றுக்குள் இறங்குவோம். இறங்கிய கால்மணி நேரத்தில் வேர்த்து ஊற்றும். கேஸ் கட்டரின் சுடர் பட்டதும் இரும்பின் மேலிருக்கும் ஈயப் பெயின்ட் புகையும். அந்தப் புகை நாக்கில் இனிக்கும். இனிக்கிறதே என்று இழுத்தால் மதியத்துக்குள் குடலைப் பிடித்து முறுக்கிவிடும்.

இந்தக் கப்பலை எனக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் இதைக் கடலில் இறக்கியபோது பேண்டு வாசித்தார்கள். கரையில் நின்று தொண்டை கிழியக் கத்திய மடையர்களில் நானும் ஒருவன். பிறகு இதிலேயே பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டேன். பதினாறாம் வருஷம் ஜட்லாண்ட் கடற்சண்டையில் பீரங்கி அதிர்வதை என் உள்ளங்காலில்தான் கேட்டேன். எதிரிக் கப்பலை இன்றுவரை பார்த்ததில்லை. அந்த வருஷமே நீராவிக் குழாய் வெடித்து இடது கால் வெந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகப்போர் முடிந்து, வல்லரசுகள் கூடிப் போர்க்கப்பல்களைக் குறைப்பதென்று கையெழுத்துப் போட்டன. லயன்ஹார்ட் பழைய இரும்பு விலைக்குப் போனது. எங்களையும் சேர்த்துத்தான் விற்றார்கள் போலிருக்கிறது.

கப்பல் உடைக்கிற எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கப்பலில் முன்பு வேலை பார்த்த ஒருவனை முன்னால் நடக்கவிடுவார்கள். அறைக்கு அறை கதவில் அவன் சாக்பீஸால் குறி போட வேண்டும். வட்டம் போட்டால் காலி அறை, வெட்டலாம். பெருக்கல் குறி போட்டால் உள்ளே எண்ணெயோ வாயுவோ இருக்கிறது, கிட்டே போகக் கூடாது. வாயுவைச் சோதிக்கும் விளக்கு பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் முதலாளி கார்ஸ்வெல் அதை வாங்கவில்லை. விளக்குக்குப் பதில் நான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் கரியறைக் கதவு திறக்கவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் அந்த அறையிலிருந்து கரி சுமந்தவன். எனக்குத் தெரியாதா என்ற திமிர். வட்டம் போட்டுவிட்டேன். கட்டர் பிடிக்கிற டூகல் பிரி என் குறியை நம்பிச் சுடரை வைத்தான். வெடித்தது.

டூகல் உயிரோடு இருக்கிறான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

மறுநாள் காலை கார்ஸ்வெல் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் கப்பலின் வரைபடம் விரித்துக் கிடந்தது. அதில்தான் பார்த்தேன்: நான் போன பிறகு பதினேழாம் கரியறையை எண்ணெய்த் தொட்டியாக மாற்றியிருக்கிறார்கள். வரைபடம் இத்தனை நாளும் அவருடைய டிராயரில்தான் தூங்கியிருக்கிறது.

"உக்காருப்பா ராப்." ஆறு வருஷத்தில் முதல்முறையாக உட்காரச் சொன்னார். "நீ பெருக்கல் குறிதான் போட்டிருந்தே. டூகல்தான் பாக்காம வெட்டிட்டான். அப்படின்னு எழுதின இந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்துப் போடு."

"வட்டம் சார். நான்தான் போட்டேன்."

"போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

போய்ப் பார்த்தேன். கதவு முழுக்க வெடிப்பின் புகைக்கரி அப்பியிருந்தது. அந்தக் கரிக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

திரும்பி வந்து, "டூகலுக்கு நஷ்டஈடு?" என்றேன்.

"உத்தரவை மீறினவனுக்கு ஏது நஷ்டஈடு? மாசக் கடைசியில கம்பெனி வீட்டையும் காலி பண்ணணும். இல்ல, வட்டம்தான்னு நீ சொன்னா பழி உன் தலையில. போலீசு வரும். உனக்கும் புள்ளகுட்டி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள யோசி."

மறைக்க மாட்டேன், என் கை பேனா வரைக்கும் போனது. அப்புறம் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியம் எல்லோரும் தேநீர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது டூகலின் மனைவி எஃபி வந்தாள். அவனுடைய கோட்டை எடுத்துப் போக வந்தவள்.

"ராப் அண்ணே, அவரு ஒண்ணு கேக்கச் சொன்னாரு. கதவுல என்ன குறி இருந்துச்சு? தான் சரியாப் பாக்கலையோன்னு புலம்பிக்கிட்டே கெடக்காரு."

இருநூறு பேர் பார்க்க நான் எழுந்து நின்றேன்.

"வட்டம்மா. அவன் சரியாத்தான் பாத்தான். தப்பு என்னுது." காகிதம், டிராயர், கரிமேல் போட்ட குறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

எஃபி என் முன்னால் வந்து நின்றாள்.

"உன்னைச் செருப்பால அடிக்கணும்போல இருக்கு."

"அடிம்மா."

"அடிச்சு? அவரு கண்ணு வந்துருமா? படத்தைப் பூட்டி வச்சுக்கிட்டு ஆளை உள்ள அனுப்பினானே, அவனை யாரு கேக்கப் போறீங்க?"

கிரேன் ஓட்டும் லாக்கி டப்பாவைக் கீழே வைத்தான். எதையும் கேலி செய்கிறவன். "வெடிச்சப்புறம் குறி போட்டிருக்கான் கார்ஸ்வெல், பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுசன். சரி, முதலாளிக்குப் பெருக்கல் குறின்னா அவ்வளவு ஆசையா? குடுத்துருவோம். எடுடா சாக்பீஸை."

என் பையிலிருந்ததை ஒடித்துப் பங்கு போட்டோம். தீர்ந்தபின் சுண்ணாம்பு, செங்கல், கையில் அகப்பட்டதெல்லாம். ஒரு மணி நேரத்தில் லயன்ஹார்ட்டின் எல்லாக் கதவிலும் பெருக்கல் குறி. பதினேழாம் கதவில் மட்டும் அந்தப் பொய்க்குறியைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, என் வட்டத்தை மறுபடி நானே போட்டேன்.

கார்ஸ்வெல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எவன்யா இதைச் செஞ்சது?"

"உங்க குறிதான் சார்," என்றான் லாக்கி. "மீறினா நஷ்டஈடு இல்லையாமே? நாங்க மீறுறதா இல்ல. அறைக்கு அறை விளக்கு வச்சுச் சோதிங்க, படத்தை வெளிய மாட்டுங்க, டூகல் வீட்டுல கை வைக்காதீங்க. குறி தானா அழியும்."

"நாளைக்கே வேற ஆளு வருவான்!"

"வரட்டும்," என்றேன். கையெழுத்தில்லாத காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் விடியலில் கேட் பூட்டியிருந்தது. எனக்காகப் போலீஸ்காரர் ஒருவரும் நின்றிருந்தார். எஃபி எங்கள் வரிசையில் முதலாவதாக, டூகலின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் எங்கள் இடத்துக்கு வேலை தேடி வந்த ஐம்பது பேர், பசித்த முகங்கள். அவர்களில் ஒருவன், எங்கள் துறை வழக்கம் தெரிந்த கப்பற்படைத் தொப்பிக்காரன், என்னைப் பார்த்துக் கேட்டான்:

"உள்ள என்ன குறி அண்ணே?"

"பெருக்கல்."

அவன் கேட்டைப் பார்த்தான். எஃபியின் தோளில் தொங்கிய அந்தப் பெரிய கோட்டைப் பார்த்தான். பிறகு நடந்து வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான். மீதி நாற்பத்தொன்பது பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.